ஒரு மூட்டை மல்லாட்டை

திருவண்ணாமலை,
6-5-1985

என் பரசுராமனுக்கு,

அக்காவின் ஆசிகள். நான் சுகம். முழங்கால் வலி மட்டும் அவ்வப்போது வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

உன் ஆய்வுக்கூட வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். சரியாகப் புரிந்துகொண்டேனா, பார். கலந்து கிடக்கும் ரசாயனங்களைத் திரவத்தோடு ஒரு குழாயில் தள்ளினால் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத ஒளி பட்டதும் சில மின்னும். அதுவும் ஓரிரு நொடிதான். அதற்குள் எல்லா நிறத்தையும் ஒருசேரப் பிடிப்பது உன் கருவி. தீபத்தன்று கோயில் வாசல் நெரிசலில் என் பழைய மாணவிகளை நான் அடையாளம் காண்பதைப்போல. ஒரே குடைக்குள் இரண்டு பேர் வந்தாலும் விடமாட்டேன்!

அங்கே வரும் நம் ஊர் அப்பாதுரையிடம் நம் கீழ்பென்னாத்தூர் நிலத்து மல்லாட்டை மூட்டையிலிருந்து கொஞ்சம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வேர்க்கடலை என்று சொன்னால்தான் அங்கே புரியுமோ என்னவோ. வறுத்துத் தின்.

அன்புடன்,
அக்கா ராஜம்மாள்

பால்டிமோர்,
22-6-1985

அன்புள்ள அக்கா,

மல்லாட்டை வந்தது. நம் ஊர் விளைச்சல் என்ற பெருமையில் ஒரு பிடியை அரைத்துச் சாறெடுத்துக் கருவியில் விட்டேன். பழைய கருவியில் ஒன்றாகத் தெரிந்தது, எங்கள் கருவியில் நீலமும் பச்சையுமாகப் பிரிந்தது. உன் குடைக்குள் இரண்டு பேர், அக்கா. இரண்டுமே வேர்க்கடலையில் பிடிக்கும் பூசணத்தின் நஞ்சு. வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

அந்த மூட்டையிலிருந்து ஒரு பருப்பைக்கூட வாயில் வைக்காதே. மாட்டுக்கும் போடாதே. எப்போது பிடுங்கியது? எங்கே வைத்திருந்தாய்? இதை எழுத இரண்டு நாள் தயங்கினேன். உடனே பதில் போடு.

பரசு

திருவண்ணாமலை,
29-7-1985

பரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஆசையாக அனுப்பியதைத் தின்னாமல் சோதிக்கிறானே என்று கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

பிடுங்கியது எண்பத்திரண்டு கார்த்திகையில். தீபத்துக்கு வருகிறேன் என்று நீ எழுதிய வருஷம். மற்றதை விற்றுவிட்டு, திரட்சியானதாகப் பொறுக்கி ஒரு மூட்டை உனக்கென்று பரணில் ஏற்றினேன். அடுத்த வருஷமும் வருகிறேன் என்றாய். அதற்கடுத்த வருஷமும். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் சடையன், "டீச்சரம்மா, ஓடு ஒழுவுது, மூட்டை நனையுது. வித்துட்டு புதுசு வெச்சிக்கலாங்க" என்றான். "அவன் வந்து பிரிக்கட்டும்டா" என்றேன். அப்பாதுரை புறப்பட்டபோதுதான் அதைப் பிரித்தேன். நான் ஒன்றுகூடத் தின்னவில்லை, பயப்படாதே.

நஞ்சு எத்தனை வகை என்று உன் கருவி சொல்லிவிட்டது. எத்தனை வருஷத்தது என்று சொல்லியிருக்காது.

நேற்று சடையன் குழி வெட்டி மூட்டையைப் புதைத்தான். இனி உனக்கென்று எதையும் எடுத்து வைப்பதாக இல்லை. ஆடிப் பட்டத்தில் விதைத்தாயிற்று. தீபத்துக்கு முன் பிடுங்குவோம். செடியிலிருந்து ஆய்ந்த கையோடு உப்புப் போட்டு அவிப்போம். அது மறுநாளைக்குத் தாங்காது.

ராஜம்மாள்

பால்டிமோர்,
14-8-1985

அக்கா,

வருகிறேன் என்று மூன்று தடவை எழுதிவிட்டேன். அதனால் இந்த முறை டிக்கெட் எடுத்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். நவம்பர் பன்னிரண்டாம் தேதி வீட்டில் இருப்பேன். அதுவரை பிடுங்க வேண்டாம் என்று சடையனிடம் சொல்.

அண்டாவை நீ தூக்காதே. நான் வந்து அடுப்பில் ஏற்றுகிறேன்.

உன் பரசு