கறுப்புக் கல்லின் மேல் நம் ஊர்

கோமா நகர், புதன்கிழமை

ரிஸிகியின் அப்பாவுக்கு,

நானும் சின்னவளும் சுகம். எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகிவிட்டது. அதையே உடைத்து எல்லாரும் மறுபடி வீடு கட்டுகிறார்கள். நம் மனையிலும் உடைக்கலாமா என்று கேட்கிறார்கள். அதற்கு அடியில்தானே நம் ரிஸிகி இருக்கிறாள்.

இன்று விடியுமுன் அங்கே வெறுங்காலோடு நின்றேன். ஆறியிருந்த தரை மறுபடி சுட்டது. பக்கத்து வீட்டு சிஃபாவின் அம்மாவிடம் சொன்னேன்.

"அட போடி! இந்த ஊரு ரெண்டு தடவ செத்து எந்திரிச்சது. கல்லு சுட்டா ஓடிருவமா?" என்று சிரித்தாள். ஆனால் அவள் வாசலில் மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

சின்னவளைச் சனிக்கிழமைப் படகில் உங்களிடம் அனுப்புகிறேன். நான் வரவில்லை. ரிஸிகியை இன்னொரு தடவை விட்டுவிட்டு ஓடமாட்டேன்.

தனிமை தாங்காமல் சின்னவளைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதுவேன். அனுப்பாதீர்கள்.

இரண்டு பெண்களின் அம்மா