பட்டாபிஷேகத்துக்கு அப்புறம்

செப். 11, வியாழன்

வெயில். திருச்சுழிப் பக்கம் மேகம் கறுத்துக் கூடியது. பிள்ளைகள் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் கலைந்தும் போனது. அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். பதினான்கு பேர். மெஷின் மேல் நில் என்றால் ஒவ்வொன்றும் டான்ஸ் ஆடுகிறது. செல்லில் ஏற்ற டவர் இல்லை, வேப்பமரத்தடியில் நின்று ஏற்றினேன்.

அப்பா: காலையில் கஞ்சித் தண்ணீர் ஐந்து கரண்டி. மதியம் இரண்டு. வயிறு வீக்கம் கூடுதல். "வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்று மதுரை டாக்டர் அனுப்பி மூன்று வாரம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் பாரதம் வாசிப்பு. லைப்ரரியில் எடுத்த கடைசிப் பாகம். இன்று போர் முடிந்து தருமருக்குப் பட்டம் கட்டியாயிற்று. புத்தகத்தை மூடினேன்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்ப்பா. முடிஞ்சிருச்சு."

அப்பா புத்தகத்தையே பார்த்தார். இன்னும் அறுபது எழுபது பக்கம் இருக்கிறது. படிக்கத்தான் தெரியாது, தடிமன் தெரியாதா?

இங்கே யாரும் அதற்கு மேல் வாசிப்பதில்லை. பெருமாள் கோயில் மண்டபத்தில் புரட்டாசி முழுக்க வாசித்த காலத்திலும் பட்டாபிஷேகத்தோடு சரி. மங்களமாக முடிக்க வேண்டுமாம். அப்பாவும் எங்கள் தெரு ஆட்களும் மண்டபத்துக்குள் போக முடியாது. பாதைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் உட்கார்ந்துதான் கேட்பார்கள். முடிந்ததும் சுண்டல், பானகம், கலைந்துவிடுவார்கள். பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகிற பகுதியைச் சாவு வீட்டிலும் சாகக் கிடக்கிறவர் தலைமாட்டிலும்தான் வாசிப்பார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிர் அதைக் கேட்டதும் போய்விடும் என்பார்கள்.

அதனால்தான் மூடினேன். நான் வாசிக்க மாட்டேன்.


செப். 12, வெள்ளி

காற்று. கண்மாயிலிருந்து வீடு முழுக்க மண். சத்துமாவு மூட்டை வந்தது, ஒன்றில் ஓட்டை. சூப்பர்வைசர் அம்மாவுக்குப் போன் பண்ணினால் "நீங்களே தச்சுக்கங்க டீச்சர்" என்கிறார்.

சாயங்காலம் போரின் முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

"ஏத்தா, மறுபடியும் மொதல்ல இருந்தா?"

"நல்லாத்தானப்பா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. பட்டம் கட்டுனதுக்கு அப்புறம் என்னாச்சு?"

"அப்புறம் நல்லா இருந்தாக. மழை பேஞ்சுச்சு."

அப்பா சிரித்தார், இருமலோடு. "இங்கன பேயல, அங்கன பேஞ்சுச்சாக்கும்" என்றார். பிறகு, "சரி, வாசி."

அவருக்குச் சலித்துவிட்டது, போக வேண்டும் என்கிறார். அதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறார். புரியாமல் இல்லை. எப்படி வாசிப்பேன்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நரிக்குடியில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு பஸ் ஏறி வந்தேன். வாழாவெட்டி என்று தெருவே வாயில் போட்டு மென்றது. அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. "சாப்பிட்டியா" என்றார், அவ்வளவுதான். இந்த மனிதரை என் வாயாலேயே வாசித்து அனுப்ப வேண்டுமா? வேறு ஆளைப் பாருங்கள்.


செப். 14, ஞாயிறு

வேலைகள்: அப்பா போர்வை துவைக்க. பாயைக் காய வைக்க. முதுகுப் புண்ணுக்குப் பவுடர். முருகேசனுக்குக் கோழி.

தம்பி முருகேசன் அருப்புக்கோட்டைக்கு லோடு கொண்டு வந்தவன், லாரியைப் பாளையம்பட்டியில் நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் ஆரம்பித்தான்.

"வாசிச்சு விடுக்கா. ராவெல்லாம் அனத்துறாரு. ஒனக்குக் காது கேக்கலையா?"

"ஒனக்கென்ன, லாரில ஏறிப் போயிருவே."

"போனா? எனக்கு மட்டும் அப்பா இல்லையா?"

"இருந்தா இங்கன வந்து பீ மூத்திரம் அள்ளு. அப்புறம் பேசு."

சொல்லியிருக்கக் கூடாது. என் நாக்கில் சனி. அவன் கோழியைத் தொடவில்லை. ரசத்தை ஊற்றித் தின்றுவிட்டு, தட்டையும் தானே கழுவி வைத்தான். சின்ன வயதில் அடி வாங்கினால் இப்படித்தான் செய்வான்.

போகும்போது வாசலில் நின்று, "அவரு வலிய நீ வாங்கிக்கிற முடியாதுல்லக்கா" என்றான். கதவைச் சாத்திக்கொண்டேன்.


செப். 15, திங்கள்

அப்பா: கஞ்சி இல்லை. தண்ணீர் நனைத்த துணியால் உதட்டை மட்டும் துடைத்தேன். சிறுநீர் கருப்பு.

புத்தகத்தை எடுத்ததும் கண்ணைத் திறந்தார். கர்ணன் செத்த இடம் வந்தது. செத்த பிறகுதான் அவன் தங்களுக்கு அண்ணன் என்று பாண்டவர்களுக்குத் தெரிகிறது. தாய் அழுதுகொண்டே சொல்கிறாள். அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அப்புறம்?" மூச்சு வாங்கியது. "அண்ணனப் பாத்தாகளா?"

"யாருப்பா? பெரியப்பாவையா கேக்குறீக? அவுக செத்து வருசம் என்னாச்சு. இப்பப் போயி."

வெடுக்கென்றுதான் சொன்னேன். தூக்கமில்லாத எரிச்சல். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நினைவு தப்புகிறது என்று நினைத்தேன்.

பெரியப்பா என்றால் அப்பாவின் ஒரே அண்ணன். வரப்பில் நின்ற ஒரு வேலிக்கருவை மரம். அப்பா அதை வெட்டிக் கரிமூட்டத்தில் போட்டு எரித்துக் கரியாக்கிவிட்டார். என் பக்கத்து மரம் என்றார் பெரியப்பா. அருவாள் வரைக்கும் போய்ப் பேச்சு நின்றது. இருபது வருஷம் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். பெரியப்பா செத்தபோது அப்பா போகவில்லை. அன்றைக்குப் பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து கஞ்சி குடித்தார். ஒரு மரத்துக்கு இவ்வளவா என்று அன்றைக்கு நான் கேட்டேன்.


செப். 17, புதன்

நேற்று எழுதவில்லை. நேற்று மதியத்திலிருந்து அப்பாவுக்குப் பேச்சில்லை. கண்ணும் திறக்கவில்லை. மூச்சு மட்டும். லீவு சொல்லிவிட்டேன்.

காலையில் நர்ஸம்மா வந்து நாடி பார்த்தார். "காது கடைசி வரைக்கும் கேக்கும்னு சொல்வாங்க. பேசிக்கிட்டே இருங்க."

பத்து மணிக்குக் கருப்பையா மாமா. அப்பாவோடு களை வெட்டி, கரிமூட்டம் போட்டு, புளியமரத்தடியில் பாரதம் கேட்டு ஒன்றாகக் கிழடானவர். கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, "ஏலே, என்னலே, சொல்லாமக் கெளம்புறியா?" என்றார். அப்புறம் என்னிடம்: "கடேசிவரைக்கும் வாசிச்சியாத்தா?"

"அதை வாசிச்சா உசுரு போயிரும்ல மாமா. எனக்கு மனசு வரல."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

"அட கூறுகெட்டவளே. அவன் சாகுறதுக்கா கேட்டான்? கர்ணனத் தம்பிமாரே தெரியாமக் கொன்னுட்டாக. மேல போயாவது அண்ணன்கிட்டப் பேசுனாகளா, மூஞ்சியக் குடுத்தானா அவன்னு எங்கிட்ட மூணு மாசமாக் கேக்குறான். எனக்கு என்ன தெரியும்? பட்டம் கட்டுனதும் சுண்டல வாங்கிட்டு எந்திரிச்சு வந்த பயலுகதான நாங்க. மக படிச்சவ, அவகிட்டக் கேளுலேன்னு நாந்தான் சொல்லி விட்டேன்."

அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. பயத்தில் அந்தப் பக்கங்களைப் புரட்டியதுகூட இல்லை.

வாசித்தேன். பட்டப் பகலில், காதோடு வாய் வைத்து, சத்தமாக. மலை ஏறுகிறார்கள், ஒவ்வொருவராக விழுகிறார்கள். பின்னாலேயே ஒரு நாய். தருமர் மட்டும் மேலே போகிறார். போனால் எதிரி அங்கே சிம்மாசனத்தில் இருக்கிறான். தம்பிமாரைக் காணோம். தருமர் முதலில் கேட்பதே கர்ணனைத்தான். அண்ணன் என்று தெரியாமல் போனதே என்று புலம்புகிறார். அவரைக் கீழே கூட்டிப் போகிறார்கள். இருட்டு, நாற்றம், வழியெல்லாம் பிணம். திரும்பலாம் என்னும்போது குரல்கள்: போகாதே, நீ நிற்கிற வரைக்கும்தான் எங்களுக்கு வலி குறைகிறது. யாரப்பா என்கிறார். நான் கர்ணன் என்று ஒரு குரல். சொர்க்கம் வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்று தருமர் நின்றுவிடுகிறார். அப்புறம் எல்லாம் மாயை என்று கலைகிறது. வெளிச்சம் வருகிறது. கர்ணன் அங்கே பன்னிரண்டு சூரியன்களோடு நிற்கிறான். பார்த்துவிடுகிறார்.

இரண்டு இடத்தில் நிறுத்தி, விட்ட வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டாகளாம்லே," என்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏலே, பாத்துட்டாகளாம்."

அப்பா அசையவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மூன்று தடவை. குரல் கம்மிவிட்டது.


செப். 18, வியாழன்

அப்பா. காலை ஆறே கால்.

தூறல், மண் நனையவில்லை. முருகேசன் ஓசூர்ப் பக்கம், மதியம் வந்துவிடுவான். பந்தலுக்குச் சொல்லியாயிற்று. ஐஸ் பெட்டி அருப்புக்கோட்டையிலிருந்து. அங்கன்வாடிச் சாவி ஆயாவிடம். காப்பித் தூள் இல்லை, பக்கத்து வீட்டில் போட்டார்கள். எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்?

பெரியப்பா மகன் வந்திருந்தான், மாலையோடு. யாரும் சொல்லி அனுப்பவில்லை. ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தவனை மாமா போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "சித்தப்பா" என்று ஒரு தடவை சொன்னான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, அதுவரைக்கும் கட்டை மாதிரி இருந்தேன்.


செப். 19, வெள்ளி

வீடு கழுவியாயிற்று. கட்டிலை வெளியே போட்டிருக்கிறது. வெயில்.

முருகேசன் மொட்டைத் தலையோடு அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். மாமா அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

"நானும் தப்பாத்தானக்கா நெனச்சேன்." பிறகு, "நீ வாசிச்சது கேட்டுச்சா அவருக்கு?"

"கேட்டுச்சு."

"எப்படித் தெரியும்?"

"கண்ணத் தொறந்தாரு."

"எந்த எடத்துல?"

"நான் கர்ணன்னு கொரல் வருதுல்ல. அந்த எடத்துல."

முருகேசன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழட்டும் என்று விட்டேன். அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமை வரைக்கும் திறந்து வைத்துக்கொண்டு, அப்புறம், அப்புறம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.