மாதாவின் கைக்குழந்தை

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் குரல் காட்டிக் கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். கரமனையில் அறை கிடைத்துவிட்டது, கோயிலுக்கு ஒரே பஸ். மழைதான் விட்டபாடில்லை.

இந்தப் பழைய கோயிலை முன்பிருந்த அழகுக்குக் கொண்டுவருகிறோம். மாதா சுரூபத்தில் அப்பியிருந்த எனாமல் பெயிண்டைச் சுரண்டியதும் அசல் முகம் தெரிந்தது. என்ன அழகு! ஆனால் கைக்குழந்தை எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூங்கொத்தைச் செருகியிருந்தார்கள். புதுக் குழந்தை செதுக்குவது என் பொறுப்பு.

நேற்று ஒரு வேடிக்கை. செதுக்கி முடித்து மாதா கையில் வைத்தேன். பங்குச்சாமியார் பார்த்துவிட்டு, “எந்தா மேஸ்திரி, உண்ணியேசு உறங்குகயாணோ?” என்றார். குழந்தை இயேசு தூங்குகிறாரா என்று கேட்கிறார். ஜனங்களை ஆசீர்வதிக்கிற பிள்ளை கண் திறந்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் நானே கவனித்தேன், மூடின கண்ணாகச் செதுக்கியிருக்கிறேன். தப்புதான் சாமி என்று சிரித்துவைத்தேன்.

திறந்துவிடலாம், இமையில் மரம் மிச்சம் இருக்கிறது. ஆனால் உளி ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தார்களே, அந்த முகம்தான் என் கைக்குத் தெரிகிறது. நம் பிள்ளை கண் திறந்து நாம் பார்க்கவில்லையே.

பஸ்ஸில் ஊர்க்காரர் யாராவது வந்தால் தைலமும் ஒரு பழைய போர்வையும் கொடுத்துவிடு. சாமியார் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். உன் தங்கை பிள்ளை விழித்திருக்கிற படம் ஒன்று அனுப்பு. கண் மட்டும் தெரிந்தால் போதும்.

உன்
கஸ்பார்