முசியாவில் இறக்கிய நாற்காலிகள்

என் செல்ல மகள் அந்தியாவுக்கு, அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஆஸ்திரேலியா பெர்த் வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா? இங்கே மழை, வேறென்ன இருக்கப்போகிறது.

"அமாரோ மாமாவோட வேன்ல சுத்துறியே, இது வெறும் பயணமா, வேற ஏதாவதா? வீட்ட வித்துட்டு என்கூட வந்து இருக்கப்போறியா இல்லையா, நேரா சொல்லு, டிக்கெட் போடணும்" என்று போனில் கேட்டாய். "ஏன் கேக்குற?" என்றேன், நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு? உன் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டியவர், அப்பா கண்மூடும்வரை அவரோடு சீட்டாடிய நண்பர், திடீரென்று வாசலில் கட்டிலும் அடுப்பும் வைத்த ஒரு கேம்பர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, "கடலோரமா ஒரு சுத்து போறேன், உங்களுக்கு வேலை இருக்குமோ?" என்றார். அது அழைப்பா விசாரிப்பா, இன்றுவரை புரியவில்லை. "மழை வரும்போல இருக்கே" என்று சொல்லிக்கொண்டே போர்வையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அன்றிலிருந்து அட்லாண்டிக் ஓரமாகவே ஊர்ந்துகொண்டிருக்கிறோம், மேல்கட்டிலில் அவர், கீழே நான். எப்போது திரும்புவோம் என்றால் "பாக்கலாம்" என்கிறார். ஸ்பெயின் முழுக்கக் கேலி செய்வதுபோல, நம் கலீசியாக்காரர்களிடம் நேர்ப்பதில் வாங்க முடியுமா? நீ கூப்பிடுவதைச் சொன்னேன். "அங்க மழை கம்மிதான்" என்றார், அன்று அவர் வைத்த சூப்பில் உப்பே இல்லை.

இந்தக் கடற்கரைகளில் வேனை நிறுத்தித் தூங்கலாம், ஆனால் நாற்காலியை வெளியே போட்டால் தங்கிவிட்டதாகக் கணக்கு, அபராதம். அதனால் அமாரோ நாற்காலியை இறக்கியதே இல்லை, நின்றுகொண்டேதான் காபி. நேற்று முசியா கடற்கரையில் மழை விட்டது. பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால், கடலைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகள்! அந்த நேரம் பார்த்தா போலீஸ்காரர் வரவேண்டும்? "ஐயா, நிறுத்தியிருக்கீங்களா, தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். "அது அவங்களப் பொறுத்தது" என்று அமாரோ என்னைக் காட்டினார். காது சிவந்திருந்தது. போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "அம்மா, மடக்கி உள்ள வச்சிட்டீங்கன்னா நான் பாக்கவே இல்ல, போயிடறேன்" என்றார். மடக்கத்தான் குனிந்தேன், சத்தியமாக. ஏனோ உட்கார்ந்துவிட்டேன். "தங்கியிருக்கோம், எழுதிக்கோங்க" என்றேன். வாழ்க்கையில் முதல்முறை நேராகப் பதில் சொன்னேன், அதற்கு அபராதம்! அமாரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, எது அதிகம் என்று இப்போதும் குழப்பம்தான்.

வீட்டை விற்கிற பேச்சை விட்டுவிடு, கண்ணே. என்மேல் வருத்தப்படாதே. இந்த முசியாக் கோயிலின் படகு மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். தொப்பியில்லாமல் வெளியே போகாதே. டிக்கெட் போடுவதானால் போய்வரப் போடு, இரண்டு பேருக்கு. வருவீர்களா என்று அமாரோவைக் கேட்டேன். "அங்க நல்ல ஆக்டோபஸ் கிடைக்குமா?" என்று கேட்கிறார். அப்படியென்றால் வருகிறார்.

உன் அம்மா,
எர்மிந்தா