கழிவுத் தொட்டியில் சர்க்கரை

செவ்வாய்க் கிரகம், தெற்கு நிலையம்
பதிவு: வசுமதி, நிலவியலாளர்

நாள் 209, 08:10
சுத்த நீர்த் தொட்டியில் 412 லிட்டர். நேற்றைவிட ஆறு லிட்டர் குறைவு. கழிவுத் தொட்டியில் அதே அளவு கூடுதல். சுத்திகரிப்பு இயந்திரத்தில் கோளாறில்லை. இங்கே இருப்பது இரண்டே பேர்: நான், பொறியாளர் ஜெபசிங். நான் வழக்கம்போல்தான் குடிக்கிறேன்.

நாள் 211, 09:00
மேலும் ஏழு லிட்டர். கழிவு நீரைச் சோதித்தேன். சர்க்கரை இருக்கிறது, நுரைக்கிறது. சர்க்கரைத் தண்ணீரை ஏன் கொட்டினாய் என்று இயந்திர அறையிலிருந்த ஜெபசிங்கிடம் இன்டர்காமில் கேட்டேன்.
"நான் எங்க கொட்டுனேன்க்கா? தாகமா இருக்கு, குடிக்கேன். அதுக்கும் பெர்மிஷன் வாங்கணுமா?"


நாள் 213, 13:40
அவன் பக்கத்தில் வந்தபோது அழுகிய பழ வாசம். நடையில் தள்ளாட்டம். பதினோரு வருடம் ஒரு குடிகாரனோடு வாழ்ந்தவள் நான். எனக்குத் தெரியாதா? தண்ணீர், சர்க்கரை, நுரை. எங்கோ சாராய ஊறல் போட்டிருக்கிறான். அவன் அறையைச் சோதித்தேன். ஒரு புட்டிகூட இல்லை. அவ்வளவு நன்றாக ஒளித்திருக்கிறான்.

நாள் 214, 07:30
பூமிக்குப் புகார் அனுப்பினேன். குடிநீர்க் குழாயைப் பூட்டினேன். இனி அவனுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர், என் கையால். இடுப்புப் பட்டையை இரண்டு துளை இறுக்கியிருக்கிறான். குடிப்பவர்கள் இப்படித்தான் இளைப்பார்கள்.

நாள் 214, 16:05
இன்டர்காம்: "யக்கா, கொஞ்சம் தண்ணி. நாக்கு ஒட்டிக்கிட்டு."
"ஊறல் எங்கேன்னு சொல்லு, திறக்கிறேன்."
"ஊறலா? சர்ச்சுல குடுக்குற திராட்ச ரசத்துக்கே மூஞ்சியச் சுளிக்கிறவன்கா நான்."
சிரித்தான். பிறகு வாந்தியெடுக்கும் சத்தம். 'போதை' என்று பதிவு செய்தேன்.

நாள் 215, 10:20
பூமியிலிருந்து மருத்துவர் ரெஹானா: "வசுமதி, உங்க புகாரை இப்பதான் எனக்குக் காட்டினாங்க. அது சாராயம் இல்ல. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கு. ரத்தத்துல மிஞ்சின சர்க்கரை சிறுநீர்ல போகும்போது உடம்புத் தண்ணியையும் இழுத்துட்டுப் போயிடும். அதான் அவ்வளவு தாகம். பழ வாசம்னா ரத்தம் அமிலமாகுதுன்னு அர்த்தம். தண்ணிய மட்டும் நிறுத்திடாதீங்க. சலைன் ஏத்துங்க. இன்சுலின் இருக்கா?"
இல்லை. நோயில்லாதவர்களைத்தானே அனுப்பினார்கள்.
குழாய் பூட்டி இருபத்தேழு மணி நேரம்.

10:55
தரையில் கிடந்தான். கண் குழிந்திருக்கிறது. தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது. ஊசி குத்த நரம்பு அகப்படவில்லை; நான்காவது முயற்சியில் கிடைத்தது. சலைன் இறங்குகிறது. மூச்சு நிமிடத்துக்கு முப்பத்தெட்டு, ஓடி வந்தவனைப் போல.

11:50
ரெஹானா: "மூச்சு மெதுவாச்சுன்னா தேறிட்டார்னு நினைச்சுடாதீங்க. உடம்பு களைச்சுப் போகுதுன்னு அர்த்தம். கண் திறக்கிறாரான்னு பாருங்க."

12:10
முப்பது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசைவில்லை.

12:25
இருபத்திரண்டு. இதைக் கண்டெடுப்பவரே, அவன் எதையும் ஒளிக்கவில்லை. கேட்டது தண்ணீர் மட்டும்தான். நான் கேட்டதெல்லாம் ஊறல் எங்கே என்று.

12:31
பதினொன்று. கண்ணைத் திற தம்பி. குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்கிறதா, எவ்வளவு வேண்டுமானாலும் குடி. கண்ணை