ஐந்தாவது ஃபவுலுக்குப் பிறகு

அன்பும் ஆறடி உயரமும் கொண்ட அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் மூன்றாண்டு கால இடைவிடாத சேவைக்குப் பின், நேற்றுக் காலை ஏழு பத்துக்குச் சொட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றது. வாளி மட்டும் துக்கம் அனுசரிக்கிறது.

அடுத்த செய்தி. உன் தம்பி பள்ளி கூடைப்பந்து அணியில் சேர்ந்துவிட்டான். நானில்லாமல் ஆட்டம் தொடங்காது. நடுவரே என் பக்கம் திரும்பி, நான் தலையசைத்த பிறகுதான் விசிலை வாயில் வைக்கிறார்.

இனி கோபம். ஏழு வாரமாக உன் ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கிறேன். கல்லூரியில் ஒரே ஆட்டத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி எடுத்தவள், அங்கே வெளியூர் அணியில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துண்டு நீட்டுகிறாய். உன் கோச்சுக்குக் கண் இருக்கிறதா, இல்லை அதையும் மாற்று ஆட்டக்காரராக உட்கார வைத்திருக்கிறாரா? போன வாரம் கடைசி நாற்பது விநாடிக்கு இறக்கினார். பந்து உன்னைப் பார்க்கக்கூட இல்லை. கேட்டால், எல்லாம் நல்லா போகுதுடா என்று ஒரு குரல் செய்தி. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

நீ அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். ஆட்ட நேரத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும் அப்பா, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன், பாப்பா எத்தனைடா எடுத்தா என்று என்னைத்தான் கேட்கிறார். முதல் வாரம் பதினாறு என்றேன். அடுத்த வாரம் இருபத்திரண்டு. பிறகு ஸ்கோர் ஷீட் கேட்டார். பள்ளியிலிருந்து வெற்றுத் தாள் எடுத்துவந்து, தலைப்பைக் கிழித்துவிட்டு, நானே நிரப்பிக் கொடுத்தேன். டிப்போ பலகையில் ஒட்டி, கண்டக்டர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

போன ஞாயிறு மாட்டிக்கொண்டேன். நம்பும்படி இருக்கட்டும் என்று உனக்கு ஐந்து ஃபவுல் போட்டேன், அதுவும் மூன்றாம் கால்பகுதியிலேயே. ஐந்தோடு ஆள் வெளியே. நானோ நான்காம் பகுதியிலும் உனக்கு ஒன்பது புள்ளி எழுதியிருந்தேன். உன் கல்லூரி ஆட்டம் ஒன்றைக்கூட விடாதவர் ஆயிற்றே! கண்ணாடியை மாட்டி வெகுநேரம் பார்த்தார். அஞ்சு ஃபவுலுக்கு அப்புறமும் ஆட விடறாங்களாடா, ரொம்ப நல்ல ஊரா இருக்கே என்றார். அவ்வளவுதான். அந்தத் தாள் டிப்போவுக்குப் போகவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் எத்தனை எடுத்தாய் என்று கேட்பதில்லை. பாப்பா சாப்பிட்டாளாமா என்று மட்டும் கேட்கிறார்.

அக்கா, நீயே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. நான் சொன்னால் இனி மணி என்ன என்பதைக்கூட நம்பமாட்டார். நீ சொன்னால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அணியில் சேர்ந்தேன் என்றேனே, ஆடுவதற்கு அல்ல. தேர்வில் நான் எறிந்த மூன்று பந்தும் வளையத்தைத் தொடவில்லை. மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறேன். நான் ஆடுவதாகத்தான் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு அவருக்கு விடுமுறை. நீ முதலில் பேசு, பிறகு போனை நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் புள்ளிகளை வீட்டிலிருந்தே எடுத்த தம்பி