மூளைக் கேட்டில் தள்ளுமுள்ளு

மார்ச் 4

ஈரேழு பதினாலு லோகத்திலும் எவனும் நம்பாத கதை இது, சத்தியம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எழுதுகிறேன். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், ஒரு வாரம் புத்தி என்னிடம் இல்லை. டிக்கெட் இல்லாமல் யானை வந்ததாம்; தும்பிக்கையைக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தேனாம்! என் வீட்டில், மூடி உடைந்த டிரங்குப் பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது, பால் வாங்கி வா என்று நர்ஸை விரட்டினேனாம். தியேட்டர் வாசலில் ஆயுசெல்லாம் டிக்கெட் கிழித்தவன் வேறென்ன உளறுவான்?

மார்ச் 5

டாக்டரம்மா விளக்கினார். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று, கண்டதையும் உள்ளே விடாமல் தடுக்குமாம். ரத்த-மூளைத் தடுப்பு. உடம்பில் எங்கோ அழற்சி மூண்டால், அதில் சுரக்கும் ரசாயனங்கள் அந்த ஒட்டுதலைத் தளர்த்திவிடலாம். ஆகாதது கசியும், புத்தி குழம்பும்.

"முதல் நாள் முதல் ஷோ. கேட் உடைஞ்சிருச்சு?"

"அப்படியே வச்சுக்கோங்க. பலருக்குச் சரியாயிடும். சிலருக்கு நாளாகும்."

மூளையே, அஞ்சாதே! இனி உன் வாசலில் நானே நிற்கிறேன். ஒரு பயல் நுழையட்டும் பார்க்கலாம்.

மார்ச் 6

தங்கை வந்தாள். "அண்ணா, இனி உன்னைத் தனியா விட முடியாது. முதியோர் இல்லத்துல இடம் சொல்லிட்டேன். வீட்டைக் காலி பண்ணப் போறேன்."

"எனக்குத்தான் புத்தி திரும்பிருச்சே!"

"யானை சொல்லுச்சா?"

என் வீடு. என் சாவி. யாரைக் கேட்டு— விடமாட்டேன்டி. விடவே மாட்டேன்.

மார்ச் 7

நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டரம்மா. எண்பத்தாறில் வண்டி நின்றது. "பள்ளிக்கூடத்துலயும் இங்கதான் நின்னேன். அப்போ கேட் கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றேன். அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

மார்ச் 8

பயமா? இருக்கிறது. அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மார்ச் 10

வீட்டைக் காலி செய்யப் போன தங்கை போன் செய்தாள்.

"அண்ணா... டிரங்குப் பெட்டில... உன் யூனிஃபார்ம் கோட்டு மேல மூணு குட்டி. தாய்ப்பூனை என்னைப் பார்த்துச் சீறுது."

"டிக்கெட் கேட்டிருக்கும்."

மூக்கை உறிஞ்சினாள். "நீ அன்னிக்கே சொன்ன. நாங்கதான்... சரி, பால் வாங்கப் போறேன். இல்லத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

மார்ச் 13

வீடு. சாவி என் இடுப்பில். "கொஞ்ச நாள் கூட இருந்து பார்ப்பேன்" என்று தங்கை அடுத்த அறையில். பார்க்கட்டுமே.

பெட்டியைக் காலி செய்ய முடியாது. அது இப்போது பிரசவ வார்டு.

சரி, ஒப்புக்கொள்கிறேன். யானை வரவில்லை. தும்பிக்கையும் பத்திரம். பூனை மட்டும் மெய்.